டச் விட்டுப்போனவள் ஆடிய ஆட்டம்

என் செல்ல வாலுக்கு,

இங்கே அப்பாவும் நானும் வீடும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் ஒரு வாரமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது, காரணம் கடிதத்தின் நடுவில் வரும், அவசரப்பட்டு அங்கே தாவாதே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உனக்கு ஓய்வு கிடைக்கிற நேரம் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் ரெக்கார்ட் ரூமோ ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது, அங்கே சிக்னல் வராது. நான் டப்பாவை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வாசல் படியில் நின்று உன்னோடு பேசுவேன், நாலு வார்த்தைக்கு ஒரு சைரன் வரும். அப்படி நின்றுகொண்டு சொல்கிற சங்கதி இல்லை இது. உட்கார்ந்து, ஆற அமர, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல வேண்டியது.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய். உன் ஆபீஸில் உன்னைக் கீபோர்டு வாசிக்கச் சொன்னபோது நீ நம் வீட்டு வழக்கப்படி டச் விட்டுப்போச்சு என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவைக்க, பக்கத்து மேஜைத் தோழி டச் எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று கேட்டுச் சிரித்தாளாம். "நம்ம வீட்ல இந்த ஒரு வார்த்தைய எப்படியெல்லாம் சொல்றோம்னு கொஞ்சம் கவனிச்சுச் சொல்லும்மா" என்றாய். நான் ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். முதலில் மாட்டியவர் உன் அப்பா. குளியலறைக் கதவு உரிந்திருந்தது, "ஒரு சின்ன டச்-அப், அரை மணி நேர வேலை" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போது பெயின்ட் அவ்வளவு தடிமன், கதவு சாத்த மாட்டேன் என்கிறது, குளிக்கப் போகிறவர் உள்ளேயிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வேலையிலும் அவருக்கு இதே வார்த்தைதான் தலைவலி. புதிதாக மாட்டிய லிஃப்டில் பட்டனே கிடையாதாம், கண்ணாடிதானாம். "லேசா டச் பண்ணினா போதும்னு எழுதி ஒட்டியிருக்கு, இவங்க கடன்காரன் வீட்டுக் கதவத் தட்டற மாதிரி தட்டறாங்க, மெக்கானிக் என்ன பண்ணுவான்" என்று புலம்புகிறார். உன் அத்தை போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து, "போன் நல்லாத்தான் இருக்கு அண்ணி, டச் மட்டும் போயிடுச்சு" என்றாள். உடம்பு நல்லாத்தான் இருக்கு, உயிர் மட்டும் போயிடுச்சு என்கிற மாதிரி. அப்புறம், டச்சில் இருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அந்த வார்த்தையைச் சொன்னவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு கூப்பிட்டதில்லை, கூப்பிடுகிறவர்கள் அப்படிச் சொல்வதும் இல்லை, நீயே எண்ணிப் பார். எங்கள் ரெக்கார்ட் ரூமிலும் ஒரு அலமாரியில் "டோன்ட் டச்" என்று பலகை தொங்குகிறது. தொங்கவிட்டவள் நான்தான், நாள் முழுக்க அதைத் தொடுகிறவளும் நான்தான்.

ஆனால் இதிலெல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டது நீ சொன்னதுதான். டச் விட்டுப்போச்சு. டச் எங்கே போயிருக்கிறது என்று உன் தோழி கேட்டது நியாயமான கேள்வி. நான் விட்டுவிட்டேன் என்று நாம் சொல்வதே இல்லை பார். அது பாட்டுக்கு ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது போலச் சொல்கிறோம். நமக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. இவ்வளவு மரியாதையான சாக்கு வேறு எந்த வார்த்தையிலும் கிடைக்காது. நான் கல்லூரியில் வாலிபால் ஆடியவள் என்று உனக்குத் தெரியும், பரணில் இருக்கிற கோப்பையில் நீ பென்சில் போட்டு வைத்திருந்தாய். இருபத்தொரு வயதில் கடைசியாகப் பந்தைத் தொட்டேன். யாரும் தடுக்கவில்லை. கல்யாணம், நீ, வேலை, அப்புறம் சோம்பல், அப்புறம் கூச்சம். யாராவது கேட்டால் டச் விட்டுப்போச்சு என்பேன், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருஷம் அந்த ஒரு சொல்லைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு நனையாமல் நின்றிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நான் டச் என்ற வார்த்தையை முதன்முதலாகக் கற்றுக்கொண்டதே வாலிபால் மைதானத்தில்தான். எதிராளி அடித்த பந்து நம் விரலில் உரசிவிட்டு வெளியே போனால் புள்ளி அவர்களுக்கு. உரசாமல் போனால் நமக்கு. உரசியதா இல்லையா என்பது பல சமயம் ரெஃப்ரீக்குத் தெரியாது. எங்கள் விளையாட்டு ஆசிரியை, உரசினால் நீங்களே கையைத் தூக்கி டச் என்று சொல்ல வேண்டும் என்பார். "ரெஃப்ரீக்குக் கண்ணு ரெண்டு, உங்களுக்கு விரல் பத்து, யாருக்குடி முதல்ல தெரியும்?" என்று கேட்பார். சொல்லாமல் மறைத்தால் மைதானத்தைச் சுற்றி எட்டு ரவுண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் கண்ணாடிக்கடை இருந்த அறை காலியாயிற்று. இரண்டு பெரிய ஜன்னல், ஒரு மரம், நல்ல காற்று, மூன்று கோடு சிக்னல். நாங்கள் ரெக்கார்ட் ரூமும் பதிவு கவுன்ட்டரும் சேர்ந்து ஒரு பிரிவு. இத்தனை வருஷமும் பழைய ஃபைல்களின் நெடியில், டியூப்லைட்டுக்குக் கீழே சாப்பிட்டவர்கள், எங்களுக்குச் சாப்பாட்டு அறையாக அதைக் கொடுங்கள் என்று மனு எழுதினோம். சலவைப் பிரிவுக்காரர்களும் எழுதினார்கள். அவர்கள் நாள் முழுக்கக் கொதிக்கிற தண்ணீரிலும் இஸ்திரி ஆவியிலும் வேகிறவர்கள், அவர்கள் கேட்டதும் நியாயம்தான். இரண்டு பக்கமும் மனு மேல் மனுவாகப் போட்டதில் நிர்வாகி வெறுத்துப்போய், "எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்காதீங்கம்மா, ரெண்டு பேரும் விளையாடி முடிவு பண்ணிக்கோங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். எங்கள் கவுன்ட்டர் பெண், நாங்கள் எல்லோரும் டோக்கன் என்று கூப்பிடுகிறவள், இருபத்தாறு வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது, அங்கேயே "சரி சார், வாலிபால்" என்றாள். சலவைப் பிரிவின் தலைவி பெரியக்கா, ஐம்பத்தைந்து வயது, ஈரப் போர்வையை ஒற்றைக் கையால் உதறுகிறவர், "எப்போன்னு சொல்லு பொண்ணு" என்றார். வியாழன் சாயங்காலம் நாலரைக்கு, ஒரே செட், இருபத்தைந்து புள்ளி என்று முடிவாயிற்று. எங்கள் பிரிவில் பெண்கள் ஏழு பேர், அதில் ஒருத்திக்கு இது நிறைமாதம். மிச்சம் ஆறு. நான் வழக்கம்போல டச் விட்டுப்போச்சு என்று குடையை விரித்தேன். டோக்கன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அக்கா, எங்களுக்கு டச்சே இருந்ததில்ல. விட்டுப்போகவாவது உங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சே, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாவிடம் சொன்னபோது தட்டிலிருந்து தலையே நிமிரவில்லை. "விழுந்தா கவலப்படாதே, ஆஸ்பத்திரிக்குள்ளயே விழற, ஆம்புலன்ஸ் செலவு மிச்சம்" என்றார். ஆனால் மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு ஜோடி முட்டி உறை வாங்கி வந்தார், என்னிடம் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், உனக்குத்தான் தெரியுமே அவரை. நீ விட்டுப்போன கறுப்பு டிராக் பேண்ட்டைத்தான் போட்டுக்கொண்டேன். உன் இடுப்புக்கு வாங்கியது, என்னிடம் அது என்ன பாடு பட்டது என்பதைச் சொல்ல மாட்டேன். நாலு நாள் பழகினோம். முதல் நாள் நான் போட்ட சர்வீஸ் நெட்டுக்குக் கீழே போய், நின்றிருந்த ஒரு தள்ளுவண்டியில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் நாள் கை சிவந்து வீங்கியது. மூன்றாம் நாள் ஒரே ஒரு பந்து, நான் சொன்ன இடத்துக்குப் போனது. வாலு, அந்த ஒரு பந்துக்காக நான் வீடு வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஆட்டம் ஆம்புலன்ஸ் நிறுத்துகிற முற்றத்தில். ரெஃப்ரீ ஆம்புலன்ஸ் டிரைவர், அவரிடம்தான் விசில் இருந்தது. கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று எலும்பு வார்டில் மாவுக்கட்டுப் போடுகிற பழைய மாவை அரை மூட்டை வாங்கி, புதன்கிழமை சாயங்காலமே அழகாகக் கோடு இழுத்தோம். ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிற பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குக்கூட, ராத்திரி தூறல் விழுந்தால் அந்த மாவு என்ன ஆகும் என்று தோன்றவில்லை. காலையில் வந்து பார்த்தால் முற்றத்துக்கே மாவுக்கட்டுப் போட்டது மாதிரி, கோடெல்லாம் விரல் தடிமனுக்கு இறுகி நிற்கிறது, சுரண்டினாலும் வரவில்லை. டிரைவர் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு வாரம் கழிச்சுதான் பிரிக்கணும்" என்றார். அப்படியே ஆடினோம். பந்து கோட்டில் விழுந்தால் டொக்கென்று சத்தம் கேட்டு எங்கேயோ பறக்கும். டோக்கன் இரண்டு தடவை அதில் தடுக்கி விழுந்து இரண்டு தடவையும் கோட்டைத் திட்டினாள். வார்டு ஜன்னல்களில் நோயாளிகள், நர்ஸுகள், குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு தாத்தா. அப்பா அரை நாள் லீவு போட்டு வந்து தூரமாக ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சலவைக்காரர்கள் பலசாலிகள், நாங்கள் வாய்ச்சாலிகள், எப்படியோ இருபத்திநாலுக்கு இருபத்திமூன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். இன்னும் ஒரு புள்ளி, அறை எங்களுடையது. பெரியக்கா எம்பி ஒரு அடி அடித்தார். நான் நெட்டுக்கு முன்னால் கையைத் தூக்கிக் குதித்தேன், குதித்தேன் என்பது மரியாதைக்கு, மூன்று விரற்கடை இருக்கும், என் வலது முழங்காலுக்கு அதுவே போதுமாயிருந்தது. பந்து என் தலைக்கு மேலே போய், கோட்டைத் தாண்டி வெகுதூரம் வெளியே விழுந்தது. டிரைவர் எங்கள் பக்கம் கை காட்டினார். எங்கள் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். என் நடுவிரல் நுனி மட்டும் சுரீர் என்றது.

அந்த அரை நொடியை உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். என் மனசு உடனே ஒரு வக்கீலை வைத்தது. காற்றாக இருக்கும் என்றார் வக்கீல். நகம் விரலில் சேருமா என்று கேட்டார். அப்புறம் பெரிய சாட்சியாக உன்னையே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மூன்று கோடு சிக்னல், உன் முகம், சைரன் இல்லாமல் முழுசாக அரை மணி நேரம். இதையெல்லாம் நினைத்தேன், வாலு, சத்தியமாக நினைத்தேன், நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கை தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நான் தூக்கியதாக ஞாபகமே இல்லை. பார்த்த உடனே பயந்துபோய், தலையைச் சொறிகிற மாதிரி அதைக் கீழே கொண்டுவந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் டிரைவர், "என்னம்மா, என்ன?" என்று கேட்டுவிட்டார். டச் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. டோக்கன் என் காதோரம் வந்து, "அக்கா, கைய இறக்குங்க, கொசு அடிச்சேன்னு சொல்லுங்க, நான் சாட்சி" என்றாள். நான் இறக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அரிச்சந்திரன் பக்கத்து வீட்டுல பொறந்தீங்களா நீங்க? இன்னைக்குத்தானா அது ஞாபகம் வரணும்?" என்று திட்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள். இருபத்திநாலு, இருபத்திநாலு. இனி யார் இரண்டு புள்ளி முன்னால் போகிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி.

அடுத்த புள்ளி அவர்களுக்கு. இனி ஒன்று எடுத்தால் அறை அவர்களுக்கு. டோக்கன் கோபத்தையெல்லாம் கையில் சேர்த்து அடித்தாள், பந்து வெளியே போய் விழுந்தது. முடிந்தது என்று நான் தலையைக் குனிந்தேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடுகிற பெண், யாரிடமும் அதிகம் பேசாதவள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். "எனக்கும் பட்டுச்சு" என்றாள். பெரியக்கா இடுப்பில் கை வைத்து அவளைப் பார்த்தார். "பட்டா பட்டுச்சுன்னு சொல்லு, அதுக்கு ஏன்டி அழற?" என்றார். அவ்வளவுதான், அங்கேயிருந்து ஆட்டம் எங்கேயோ போய்விட்டது. எங்களுக்கு ஒரு புள்ளி கூடினால் எங்களில் ஒருத்தி கையைத் தூக்குவாள், அவர்களுக்குக் கூடினால் அவர்களில் ஒருத்தி. பந்து பட்டது, நெட் பட்டது, ஒருத்தி தன் பின்னல் நெட்டில் பட்டது என்றாள், டிரைவர் "முடிக்கெல்லாம் புள்ளி கிடையாதும்மா" என்று கெஞ்சினார், அவள் பிடிவாதமாகப் பட்டது பட்டதுதான் என்றாள். பெரியக்கா கடைசியில் தன் பங்குக்குக் கையைத் தூக்கி, "பட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். பட்டதா இல்லையா என்று டிரைவர் கேட்டார். "நாளைக்கு யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றார் பெரியக்கா. டிரைவர் விசிலைக் கழற்றி ஸ்டூலில் வைத்து, "பன்னிரண்டு ரெஃப்ரீ இருக்கீங்க, நான் எதுக்கு?" என்றார். மாடியில் குளுக்கோஸ் தாத்தா சிரித்துச் சிரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினார். டோக்கன் ஒருத்திதான் கடைசிவரை கையைத் தூக்கவில்லை. முப்பத்துமூன்றுக்கு முப்பத்துமூன்று ஆனபோது அவள் திடீரென்று, "சரி, பத்தாவது பாயிண்ட்ல எனக்கும் பட்டுச்சு" என்று கத்தினாள், பெருமூச்சு விட்டாள், அதற்குமேல் நாங்கள் யாரும் நிற்கவில்லை, நெட்டுக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்போதுதான் நிஜமாகவே ஒரு அழைப்பு வந்து டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். ஸ்கோரை ஒரு எக்ஸ்ரே உறையின் பின்னால் எழுதி வைத்துவிட்டு எல்லோரும் கலைந்தோம்.

மறுநாள் நிர்வாகி, யாருக்குச் சாவி என்று கேட்டார். பெரியக்காவும் டோக்கனும் நானும் அவர் மேஜைக்கு முன்னால் நின்றோம். பெரியக்கா எக்ஸ்ரே உறையை மேஜையில் வைத்து, "ஆட்டம் இன்னும் நடக்குது சார்" என்றார். எப்போது முடியும் என்று கேட்டார் அவர். டோக்கன், "ஒழுங்கா ஆடினா சொல்ல முடியாது சார்" என்றாள். அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் டிராயரைத் திறந்து இரண்டு சாவி எடுத்து வைத்தார். ஆட்டம் முடிகிறவரைக்கும்தான் என்று கறாராகச் சொன்னார். நேற்று வியாழன், போய் ஆடினோம். நாலே நாலு புள்ளி, முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து. எனக்கு ஒரு சர்வீஸ் நான் நினைத்த மூலையில் போய் விழுந்தது, டொக்கென்று சத்தம் வேறு. தூணுக்குப் பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள், யாரென்று கேட்டால் அப்பா தெரியாது என்கிறார்.

இவ்வளவுதான் சங்கதி. உன் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதா தெரியவில்லை, உன் தோழியிடம் சொல்ல நாலைந்து உதாரணமாவது தேறும். கீபோர்டை நீ வாசி, வாசிக்காமல் இரு, நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, முதல் நாள் விரல் தள்ளுவண்டியில் போய் உட்காரத்தான் செய்யும். ராத்திரி நேரம் கழித்துச் சாப்பிடாதே, கண்ணாடி பவரைப் போய்ப் பார்த்துவிடு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாய். நீ நீண்ட ஆயுசோடு, சிரித்த முகத்தோடு, நல்ல மனிதர்கள் நடுவில் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உன் தலைமேல் இருக்கிறது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. திங்கட்கிழமையிலிருந்து எங்கள் மதியம் ஒரு மணிக்குக் கூப்பிடு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன், அவசரம் இல்லாமல் பேசலாம், மரம் காட்டுகிறேன். சுற்றிலும் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள், எல்லோரும் உன்னை நலம் விசாரிப்பார்கள், வணக்கம் சொல்லு. யார் ஜெயித்தது என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதே, நிர்வாகியின் அறை பக்கத்தில்தான் இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன் அம்மா